சாவியை எப்போது கொடுப்பது? போதையில் வாகனம் ஓட்டுவதைத் தடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

குடித்திருக்கும் ஒருவரிடம் "வண்டி ஓட்ட முடியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் "முடியும்" என்றே சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே அப்படித்தான் தோன்றுகிறது. கால் தள்ளாடுவதற்கும் நாக்குக் குழறுவதற்கும் வெகு முன்னதாகவே, தன் நிலையைத் தானே எடைபோடும் அறிவை மது மழுங்கடித்துவிடுகிறது. ஓட்டலாமா கூடாதா என்பதை முடிவு செய்ய வேண்டிய மூளைதான் அந்த நேரத்தில் பழுதுபட்டிருக்கிறது.

கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒரு உண்மையிலிருந்தே பிறக்கின்றன. முதல் மிடறுக்கு முன்பே முடிவை எடுத்துவிட வேண்டும். தனிமனிதருக்கும், விருந்து கொடுப்பவருக்கும், நிறுவனத்துக்கும், சட்டம் இயற்றும் அரசுக்கும் இது பொருந்தும்.

உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11.9 லட்சம் பேர் சாலை விபத்துகளில் உயிரிழக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. 5 முதல் 29 வயது வரையிலானவர்களின் இறப்புக்கு இதுவே முதல் காரணம். எந்த நோயும் அந்த வயதினரை இவ்வளவு பேராகக் கொண்டுபோவதில்லை.

படி 1: உடலுக்குள் நடப்பதை அறிந்துகொள்ளுங்கள்

மதுவின் அளவை 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் எத்தனை மில்லி கிராம் என்று கணக்கிடுகிறார்கள். 20 மில்லி கிராம் அளவிலேயே ஒரே நேரத்தில் இரண்டு விஷயங்களைக் கவனிக்கும் திறன் குறையத் தொடங்குகிறது. 50ஐ எட்டும்போது நகரும் பொருள்களைக் கண் பின்தொடர்வதும், எதிர்பாராத ஒன்றுக்கு எதிர்வினை காட்டுவதும் தடுமாறுகின்றன. 80இல் விபத்து அபாயம் பல மடங்காகிவிடுகிறது. இதைப் பெரிய அளவில் நிரூபித்தவர் அமெரிக்காவின் ராபர்ட் போர்க்கன்ஸ்டைன். ஊதிப் பார்க்கும் கருவியை 1954இல் உருவாக்கியவரும் அவரே. கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில் விபத்தில் சிக்கிய ஓட்டுநர்களையும், அதே இடங்களில் விபத்தின்றிச் சென்றவர்களையும் ஒப்பிட்டு அவர் செய்த ஆய்வு 1964இல் வெளியானது. பல நாடுகளின் சட்ட வரம்புகளுக்கு அதுவே அடித்தளமானது.

ஒரு சிறு கணக்கு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு நொடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் கடக்கிறது. பிரேக்கில் கால் வைப்பது அரை நொடி தாமதமானால், வாகனம் எட்டு மீட்டருக்கு மேல் கூடுதலாக ஓடியிருக்கும். சாலையைக் கடக்கும் குழந்தை நிற்பது அந்த எட்டு மீட்டருக்குள்தான்.

இரு சக்கர வாகனம் ஓட்டுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். காரில் தடுமாறினால் நான்கு சக்கரங்கள் தாங்கிக்கொள்ளும். இரண்டு சக்கரங்களில் சமநிலையைக் காப்பதே ஒரு வேலை. கொஞ்சம் மதுவே அதைக் கெடுத்துவிடும்.

படி 2: காலைக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்

மதுவை உடைப்பது கல்லீரல். அது தன் வேகத்தில்தான் வேலை செய்யும். சராசரியாக ஒரு மணி நேரத்துக்கு 15 மில்லி கிராம் அளவு இரத்தத்தில் குறைகிறது. சிலருக்கு இன்னும் மெதுவாகக் குறையும். காபி, குளிர்ந்த நீரில் குளியல், எலுமிச்சைச் சாறு, வாந்தி, நடை என எதுவும் இந்த வேகத்தைக் கூட்டாது. காபி குடித்தவர் விழிப்பான போதையில் இருப்பார், அவ்வளவுதான்.

இரவு 2 மணிக்குக் குடிப்பதை நிறுத்தியவரின் இரத்தத்தில் 150 மில்லி கிராம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முழுவதும் வெளியேறப் பத்து மணி நேரம் ஆகும். அதாவது மறுநாள் நண்பகல். காலை 7 மணிக்குக் குளித்து, உடை மாற்றி, தெளிவாக இருப்பதாக நம்பி வண்டியை எடுக்கும்போது அவர் உடலில் இன்னும் 75 மில்லி கிராம் இருக்கிறது. அது பெரும்பாலான நாடுகளில் குற்றம். "நேற்று குடித்தேன், இன்று குடிக்கவில்லையே" என்பது உடலுக்குத் தெரியாத வாதம். மறுநாள் விடியற்காலையில் பயணம் இருந்தால், முந்தைய இரவே அதற்கான முடிவு எடுக்கப்பட்டாக வேண்டும்.

வரம்புகள் நாட்டுக்கு நாடு மாறுகின்றன. நார்வேயும் ஸ்வீடனும் 20 மில்லி கிராம் என்று வைத்திருக்கின்றன. இந்தியாவிலும் ஜப்பானிலும் 30. ஐரோப்பாவின் பல நாடுகளிலும் ஆஸ்திரேலியாவிலும் 50. இங்கிலாந்திலும் அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களிலும் 80. பொது வரம்பு 50ஐத் தாண்டக்கூடாது, இளம் ஓட்டுநர்களுக்கு 20க்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இந்த எண்களைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. ஆனால் "வரம்புக்குள் எவ்வளவு குடிக்கலாம்" என்று கணக்குப் போட அவற்றைப் பயன்படுத்தாதீர்கள். எடை, பாலினம், வயிற்றில் உள்ள உணவு, குடித்த வேகம் எல்லாம் கணக்கை மாற்றிவிடும். ஓட்டுவதாக இருந்தால் குடிக்காதீர்கள். குடிப்பதாக இருந்தால் வண்டியைத் தொடாதீர்கள். இதற்குக் கணக்கே தேவையில்லை.

படி 3: வண்டியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்

இந்தப் படியைத்தான் நான் எல்லாவற்றிலும் பெரிதாக நினைக்கிறேன். குடித்தவர் வண்டியை எடுப்பதற்குப் பல நேரங்களில் துணிச்சல் காரணமில்லை. "வண்டியை இங்கே விட்டுவிட்டுப் போனால் நாளை காலை எப்படி எடுப்பது?" என்ற கவலைதான் காரணம். நள்ளிரவில் இந்தச் சின்னக் கவலை ஓர் உயிரைவிடப் பெரிதாகத் தெரிகிறது. வண்டி அங்கே இல்லாவிட்டால் இந்தக் கேள்வியே எழாது.

எனவே கிளம்புவதற்கு முன்பே திரும்பி வரும் வழியை முடிவு செய்யுங்கள். பொதுப் போக்குவரத்தின் கடைசி நேரம் என்ன? வாடகை வாகனம் அந்த நேரத்தில் கிடைக்குமா? கிடைக்காவிட்டால் யார் வந்து அழைத்துப்போவார்? அங்கேயே தங்க இடம் உண்டா? இந்தக் கேள்விகளில் ஒன்றுக்காவது உறுதியான பதில் கையில் இருந்த பிறகே வீட்டுக் கதவைப் பூட்டுங்கள். திரும்பி வருவதற்கான பணத்தைத் தனியாக எடுத்து வையுங்கள்.

குழுவாகப் போகிறீர்கள் என்றால், அன்று குடிக்காமல் அனைவரையும் வீடு சேர்ப்பவர் யார் என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். ஸ்காண்டிநேவிய நாடுகளில் வேரூன்றிய இந்த வழக்கத்தை 1988இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஜே வின்ஸ்டன் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களின் வழியாகப் பரப்பினார். பெல்ஜியத்தில் 1995 முதல் அந்த நபருக்கு 'பாப்' என்றே பெயர். இந்த ஏற்பாட்டில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. பல குழுக்கள் இரவின் முடிவில் "நம்மில் யார் குறைவாகக் குடித்திருக்கிறார்?" என்று தேடி அவரிடம் சாவியைக் கொடுக்கின்றன. குறைவாகக் குடித்தவரும் குடித்தவரே. சாவியை ஏற்பவர் அன்று ஒரு துளியும் தொடக்கூடாது. மாலையில் கிளம்பும்போதே சாவி அவர் பையில் இருக்க வேண்டும்.

படி 4: விருந்து கொடுப்பவராக நீங்கள் செய்யக்கூடியவை

விருந்தினர் வாசலுக்கு வந்தவுடன் எப்படி வந்தார், எப்படித் திரும்புவார் என்று கேட்டுவிடுங்கள். அப்போது அது சாதாரண உபசரிப்பாக இருக்கும். நள்ளிரவில் கேட்டால் குற்றச்சாட்டாக ஒலிக்கும். உணவை முதலிலேயே பரிமாறுங்கள். மது அல்லாத பானங்களைக் கேட்டு வாங்கும் நிலையில் வைக்காமல், கண்ணெதிரே வையுங்கள். காலியான கோப்பையை நீங்களாக நிரப்பாதீர்கள். விருந்து முடிவதற்கு வெகுநேரம் முன்பே மதுவை எடுத்து வைத்துவிடுங்கள். ஒன்றிரண்டு பேர் படுக்க இடம் ஒதுக்கி, அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஜப்பான் 2007இல் தன் சட்டத்தைக் கடுமையாக்கியபோது, ஓட்டப்போகிறவருக்கு மது கொடுத்தவரையும், வாகனம் கொடுத்தவரையும், போதையில் இருப்பது தெரிந்தே உடன் ஏறிச் சென்றவரையும் தண்டனைக்கு உட்படுத்தியது. ஓட்டுநர் ஒருவரின் பிழையாக மட்டும் பார்க்காமல், அவரைச் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்களையும் கணக்கில் சேர்த்த அந்தப் பார்வை எனக்கு மிகவும் சரியாகப் படுகிறது.

படி 5: கிளம்பிவிட்டவரைத் தடுப்பது

கூட்டத்தின் நடுவே "நீ குடித்திருக்கிறாய், ஓட்டாதே" என்றால் அவர் தன்மானத்தைக் காப்பாற்றவாவது ஓட்டுவார். அவருக்கு நெருக்கமான ஒருவர், குடிக்காதவராக இருந்தால் மேலும் நல்லது, தனியே அழைத்துப் பேச வேண்டும். எவ்வளவு குடித்தார் என்ற வாதத்துக்குள் போகவே வேண்டாம். வழியைக் காட்டுங்கள்: "வா, நான் உன்னை வீட்டில் விடுகிறேன். வண்டி இங்கேயே பத்திரமாக இருக்கட்டும். காலையில் நானே கொண்டுவந்து தருகிறேன்." அவருடைய உண்மையான கவலை வண்டிதான் என்பது நினைவிருக்கட்டும்.

மசியாவிட்டால் நேரத்தைக் கடத்துங்கள். சாப்பிட உட்கார வையுங்கள், பேச்சுக் கொடுங்கள், படுக்கையைக் காட்டுங்கள். சாவி கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால் எடுத்து வைத்துவிடுங்கள். உடல் பலத்தால் மல்லுக்கட்ட வேண்டாம். எதற்கும் கட்டுப்படாமல் கிளம்பிவிட்டால் காவல்துறையை அழையுங்கள். நண்பரைக் காட்டிக்கொடுப்பதாக மனம் உறுத்தும்தான். அவர் வீடு போய்ச் சேராத இரவின் உறுத்தல் வாழ்நாள் முழுவதும் இருக்கும்.

அவரைப் பின்இருக்கையில் வைத்து இரு சக்கர வாகனத்தில் கூட்டிச் செல்வதும் ஆபத்தே. சரிந்து விழக்கூடும், ஓட்டுபவரின் சமநிலையையும் குலைக்கக்கூடும். தனியாக நடந்து போகவும் விடாதீர்கள். போதையில் நடப்பவரும் சாலையில் அடிபடுகிறார்.

படி 6: மது அல்லாத மயக்கங்கள்

போதை என்றால் மது மட்டும்தான் என்று நினைப்பது பெரிய தவறு. சளிக்கும் ஒவ்வாமைக்கும் வாங்கும் குளோர்பெனிரமின், டைஃபென்ஹைட்ரமின் போன்ற பழைய வகை மருந்துகள் தூக்கத்தை வரவழைக்கும். கோடீன், டிரமடால் போன்ற வலி நிவாரணிகளும், பதற்றத்துக்கும் உறக்கத்துக்கும் தரப்படும் மாத்திரைகளும் அப்படியே. ஸோல்பிடம் என்ற தூக்க மாத்திரை மறுநாள் காலை ஓட்டும் திறனைப் பாதிப்பதைக் கண்டு, பெண்களுக்கான அளவைப் பாதியாகக் குறைக்கும்படி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013இல் அறிவித்தது. இரவு விழுங்கிய மாத்திரை காலைப் பயணத்தில் உடன் வரும். புதிய மருந்து எதுவானாலும் மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ "இதைச் சாப்பிட்டு வண்டி ஓட்டலாமா?" என்ற ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். இன்சுலின் எடுத்துக்கொள்பவர்கள் ஓட்டுவதற்கு முன் சர்க்கரை அளவைப் பாருங்கள். அது மிகவும் குறைந்தால் நடத்தை போதையைப் போலவே இருக்கும். கஞ்சாவும் மதுவும் சேரும்போது விளைவு தனித்தனியே இருப்பதைவிட மோசமாகும்.

அடுத்தது தூக்கம். 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன் 50 மில்லி கிராம் மது உள்ளவருக்கு நிகராகக் குறைகிறது என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் டாசனும் ரீடும் 1997இல் காட்டினார்கள். 24 மணி நேரம் விழித்திருந்தால் அது 100 மில்லி கிராமுக்குச் சமம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் நான்கு நொடி கண் மூடினால் வாகனம் 110 மீட்டருக்கு மேல் ஓட்டுநரே இல்லாமல் ஓடியிருக்கும். பின்னிரவிலிருந்து விடியற்காலை வரையிலும், பிற்பகலிலும் உடல் தானாகவே தூக்கத்தை நாடும். சன்னலைத் திறப்பதும் பாட்டைச் சத்தமாக வைப்பதும் சில நிமிடங்களுக்கு மேல் உதவாது. பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, ஒரு காபி குடித்து, உடனே 15 முதல் 20 நிமிடம் உறங்குங்கள். காபி வேலை செய்யத் தொடங்கும் நேரத்தில் விழித்துக்கொள்வீர்கள். அதுவும் தற்காலிகத் தீர்வே. முழு உறக்கத்துக்கு மாற்று இல்லை.

கைபேசியைப் பற்றி ஒரு வரி: பேசிக்கொண்டே ஓட்டுபவருக்கு விபத்து அபாயம் ஏறத்தாழ நான்கு மடங்கு, கையில் பிடிக்காமல் பேசினாலும் பெரிய பாதுகாப்பு கிடைப்பதில்லை.

படி 7: பணியிடத்தில்

ஓட்டுநர்களை வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனம் வண்டியைக் கிளப்பும் முன் ஊதிப் பார்க்கும் சோதனையை அனைவருக்கும் பொதுவாக்க வேண்டும், மேலாளரையும் சேர்த்து. பயண நேரத்தையும் ஓய்வையும் காகிதத்தில் மட்டுமின்றி உண்மையில் கடைப்பிடிக்க வேண்டும். அதிகப் பயணங்களுக்கு அதிகப் பணம் என்ற முறை தூக்கத்தை விற்கச் சொல்லும் முறை. அதை வைத்துக்கொண்டு பாதுகாப்பு வாரம் கொண்டாடுவதில் பயனில்லை. குடிப்பழக்கத்துக்கு உதவி கேட்டு வருபவரை வேலையை விட்டு நீக்கினால், அடுத்தவர் மறைத்துக்கொண்டு ஓட்டுவார். சிகிச்சை முடியும் வரை ஓட்டாத வேலை ஒன்றைக் கொடுங்கள்.

படி 8: ஊருக்காகக் குரல் கொடுக்கும்போது எதைக் கேட்பது

விபத்து நடந்ததும் எழும் முதல் கோரிக்கை "தண்டனையைக் கடுமையாக்கு" என்பதே. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் வரலாறு வேறொன்றைச் சொல்கிறது.

இங்கிலாந்து 1967 அக்டோபரில் 80 மில்லி கிராம் வரம்பையும் சுவாசப் பரிசோதனையையும் கொண்டுவந்தது. பெரும் விளம்பரம். எங்கும் காவலர் நிற்பார் என்று மக்கள் நம்பினார்கள். இரவு நேர விபத்துகள் சட்டென்று குறைந்தன. பிறகு, சோதனையில் சிக்கும் வாய்ப்பு மிகக் குறைவு என்பது மெல்லப் புரிந்தது. சட்டம் அப்படியே இருந்தது, பயன் கரைந்துபோனது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1982 டிசம்பரில் வேறு வழியில் இறங்கியது. சந்தேகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எந்த ஓட்டுநரையும் நிறுத்தி ஊதச் சொன்னார்கள். பெரும் எண்ணிக்கையில், எல்லோர் கண்ணிலும் படும்படி, எங்கே எப்போது என்று ஊகிக்க முடியாதபடி, ஆண்டு முழுவதும் செய்தார்கள். மது தொடர்பான இறப்புகள் பெரிதும் குறைந்தன, அந்தக் குறைவு நிலைத்தும் நின்றது. பத்தாண்டு சிறை என்று எழுதி வைப்பதைவிட, "இன்றிரவு என்னை நிறுத்துவார்கள்" என்ற எண்ணம்தான் வண்டியை வீட்டில் விடச் செய்கிறது.

ஆகவே, காவல்துறையிடம் கேட்க வேண்டியவை இவை: சோதனை ஆண்டு முழுவதும் நடக்க வேண்டும், பண்டிகைக் காலத்தோடு நின்றுவிடக்கூடாது. ஓரிடத்தில் சிறிது நேரம் நின்று இடம் மாற்ற வேண்டும். நெடுநேரம் ஒரே இடத்தில் நின்றால் செய்தி பரவி மாற்று வழியில் போய்விடுவார்கள். கருவிகளை உரிய காலத்தில் அளவு சரிபார்க்க வேண்டும். வாயில் தங்கிய மது அளவை உயர்த்திக் காட்டக்கூடும் என்பதால், உறுதிப்படுத்தும் சோதனைக்கு முன் 15 நிமிடம் காத்திருக்க வேண்டும். பிடிபட்டவர் எண்ணிக்கையை மட்டும் பெருமையாக வெளியிடாமல், எத்தனை பேரைச் சோதித்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். சோதித்த ஆயிரம் பேரில் குடித்தவர்கள் குறைந்துகொண்டே போவதுதான் வெற்றி.

மீண்டும் மீண்டும் சிக்குபவர் வேறு வகை. அபராதம் அவரைத் திருத்துவது அரிது, பலர் குடிநோயாளிகள். ஊதினால் மட்டுமே என்ஜின் இயங்கும் பூட்டுக் கருவி, பொருத்தியிருக்கும் காலத்தில் மீண்டும் குற்றம் செய்வதை ஏறத்தாழ 70 விழுக்காடு குறைக்கிறது. கழற்றியதும் பலர் பழைய நிலைக்குத் திரும்புகிறார்கள். எனவே கருவி ஓடும் காலத்துக்குள்ளேயே சிகிச்சையும் நடக்க வேண்டும்.

1980இல் கலிபோர்னியாவில், மீண்டும் மீண்டும் பிடிபட்டு வெளியே வந்த ஒரு போதை ஓட்டுநரால் 13 வயது மகளை இழந்த கேண்டேஸ் லைட்னர் தொடங்கிய, போதையில் வாகனம் ஓட்டுவதை எதிர்க்கும் அன்னையர் அமைப்புதான் அமெரிக்கச் சட்டங்களைப் புரட்டிப்போட்டது. பாதிக்கப்பட்ட குடும்பங்கள் எண்களோடும் தெளிவான கோரிக்கைகளோடும் வரும்போது எந்த அரசும் எளிதில் முகம் திருப்ப முடியாது.

படி 9: தவறை மன்னிக்கும் சாலை

என்ன செய்தாலும் சிலர் போதையில் ஓட்டத்தான் போகிறார்கள். அந்தத் தவறுக்கு மரணமே விலையாக இருக்கக்கூடாது, குறிப்பாக எதிரே வருபவருக்கு. 1997இல் ஸ்வீடன் நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்ட 'பூஜ்ய இலக்கு' கொள்கையின் சாரம் இதுதான். எதிரெதிர்த் திசைகளைப் பிரிக்கும் தடுப்பு, வேகத்தைத் தானே குறைக்கவைக்கும் சுற்றுச்சந்திப்பு, நடைபாதை, வெளிச்சம் ஆகியவை குடித்தவரிடமிருந்து குடிக்காதவரைக் காப்பவை. சராசரி வேகம் ஒரு விழுக்காடு கூடினால் உயிரிழப்பு விபத்து அபாயம் நான்கு விழுக்காடு கூடுகிறது. தலைக்கவசத்தைக் கழுத்துப் பட்டை மாட்டி அணிய வேண்டும். பின்இருக்கையிலும் சீட் பெல்ட் வேண்டும்.

உங்கள் பகுதியின் வரைபடம் ஒன்றை எடுத்து, கடந்த மூன்று ஆண்டுகளில் உயிரிழப்பும் பலத்த காயமும் நேர்ந்த இடங்களைக் குறியுங்கள். நாளையும் நேரத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். வார இறுதி இரவுகளில் புள்ளிகள் குவியும் இடத்தில் சோதனையும் இரவுப் போக்குவரத்தும் தேவை. பகலிலும் இரவிலும் சிதறிக் கிடக்கும் இடத்தில் சாலையின் அமைப்பைத்தான் மாற்ற வேண்டும். இந்த ஒரு தாளோடு அதிகாரிகளைப் பாருங்கள்; ஒரே கூட்டத்தில் பத்துக் கோரிக்கைகளை வைக்காமல், மிக மோசமான இரண்டு இடங்களைப் பற்றி மட்டும் பேசுங்கள். பொறுப்பு யாருடையது, எந்தத் தேதிக்குள் என்று எழுத்தில் வாங்குங்கள். ஓராண்டு கழித்து அதே வரைபடத்தில் புதிய புள்ளிகளை வேறு நிறத்தில் இடுங்கள். பழைய இடத்தில் மறைந்தது பக்கத்துச் சாலைக்கு நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நகர்ந்திருந்தால் அடுத்த மனு அந்தச் சாலைக்கு.